பங்களாக்கள் பிழைத்துவிட்டன, பஜார் என்ன ஆகும்?

ஊட்டியில் பாரம்பரியக் கட்டடம் எதுவென்று யாரைக் கேட்டாலும் ஒரே பட்டியலைத்தான் ஒப்பிப்பார்கள். 1822-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டத் தொடங்கிய கல் பங்களா, திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனையிலிருந்து பெயர்த்து வந்த மரங்களைத் தாங்கி நிற்கும் புனித ஸ்டீபன் தேவாலயம், 1859-ல் தொடங்கிய நீலகிரி நூலகம், லவ்டேல் லாரன்ஸ் பள்ளி, மலை ரயில். எல்லாமே தகுதியானவைதான். ஆனால் ரயிலைத் தவிர மற்றதெல்லாம் துரைமார்கள் தாங்கள் தங்கவும் தொழவும் படிக்கவும் கட்டிக்கொண்டவை. அவர்களுக்கு ரொட்டி சுட்டவர், துணி வெளுத்தவர், கல் உடைத்தவர், அவசரத்துக்குக் கடன் கொடுத்தவர் எல்லாம் குடியிருந்த இடம் மேட்டுக்குக் கீழே இருக்கிறது. மெயின் பஜார், அப்பர் பஜார், நகராட்சி மார்க்கெட், காந்தல். குன்னூரும் அப்படித்தான், பெட்ஃபோர்டு பக்கம் மேட்டில் பங்களாக்கள், பள்ளத்தில் மார்க்கெட்டும் பஸ் ஸ்டாண்டும். இந்தக் கீழ்த்தெருக்களை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை.

பங்களா பிழைக்க வசதியுள்ள ஒரே ஒரு ஆள் போதும். வாங்குவார், சீரமைப்பார், ஹோட்டலாக்குவார். பஜார் தெரு அப்படிப் பிழைக்காது. அங்கே சுவர் பொது, சாக்கடை பொது, கூரையின் சரிவுகூடப் பக்கத்து வீட்டை நம்பித்தான் நிற்கிறது. ‘மக்கள் பங்கேற்புடன் பாரம்பரியப் பாதுகாப்பு’ என்று கருத்தரங்குகளில் பேசுவதை நல்லெண்ணப் பேச்சு என்றுதான் பலரும் கடந்து போகிறார்கள். மலைச்சரிவில் கட்டிய ஒரு தெருவைப் பொறுத்தவரை அது நல்லெண்ணமே அல்ல. வேறு வழியில் அந்த வேலை நடக்காது.

இந்த பஜார் எப்படி உருவானது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1819-ல் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் ஏறி வந்தபோது மலை காலியாக இருக்கவில்லை. தோடரின் மந்துகளும் கோத்தரின் கோக்கால்களும் படுகரின் ஹட்டிகளும் குறும்பர், இருளர் குடியிருப்புகளும் அப்போதே இருந்தன. தோடரின் மேய்ச்சல் நிலத்தை ஏக்கருக்கு 1 ரூபாய் என்று வாங்கித்தான் ஊட்டியின் முதல் கட்டடமே எழுந்தது. ஏரி வெட்டினார்கள், பாதை போட்டார்கள், 1866-ல் நகராட்சி வந்தது. சென்னை மாகாண அரசாங்கமே கோடைக்கு மலையேற ஆரம்பித்ததும் வியாபாரம் சூடுபிடித்தது. கோவையிலிருந்தும் மைசூர்ச் சீமையிலிருந்தும் வியாபாரிகள், சமவெளியிலிருந்து கொத்தனார்கள், மலபாரிலிருந்து மாப்பிள்ளைமார், கட்ச் பக்கத்திலிருந்து சேட்டுகள் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். தமிழ், கன்னடம், மலையாளம், படுகு, உருது என்று அத்தனையும் காதில் விழாமல் இன்றைக்கும் அந்த பஜாரைக் கடக்க முடியாது. 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் ஊட்டிக்கும் ரயில் வந்தபின் ஓடும் தகரமும் இரும்புச் சட்டமும் ஏற்றி வருவது எளிதாயிற்று. இன்று நாம் ‘பழைய ஊட்டி’ என்று படம் பிடிக்கிற சிவப்புத் தகரக் கூரைகள் மேட்டிலும் பள்ளத்திலும் பரவியதில் அந்தத் தண்டவாளத்துக்கும் பங்கு உண்டு.

இனி ஒரு சுவரைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பாரம்பரியம் அழிவது பெரும்பாலும் புல்டோசரால் அல்ல. ஒரு மூட்டை சிமென்டில்தான் அந்த அழிவு தொடங்குகிறது.

பழைய கடைவீட்டின் முகப்பு பத்தடி, பன்னிரண்டடி இருக்கும். உள்ளே நீளமாக ஓடும். முன்னால் கடை, பின்னால் சமையல்கட்டு, மேலே மரப்பலகைத் தளம் போட்ட அறை. ராத்திரியில் பலகைகளை ஒவ்வொன்றாகக் காடியில் செருகிக் கடையை அடைப்பார்கள். சுவர் செங்கல், சாந்து சுண்ணாம்பு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்ததும் விட்டுவிடும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்த கையோடு வடகிழக்கு, பிறகு பனி என்று இருக்கிற ஊரில் இப்படி உறிஞ்சி விடுவதுதான் சுவருக்கு உயிர்.

சிமென்ட் மலிந்த காலத்தில் என்ன செய்தார்கள்? சுவர் ஓதம் அடிக்கிறதென்று முழங்கால் உயரத்துக்குச் சிமென்ட் பூசினார்கள். ஈரத்துக்கு வெளியேற வழி அடைபட்டது. அது மேலே ஏறியது. அடுத்த மழைக்கு இடுப்பளவு ஓதம். இடுப்புவரை பூசினால் தோள்வரை ஏறும். உப்புப் பூக்கும், செங்கல் பொரிந்து மாவாகக் கொட்டும். பூச்சை விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள், பொத் பொத்தென்று சத்தம் கேட்டால் உள்ளே சுவரை விட்டு அது எப்போதோ பிரிந்துவிட்டது என்று அர்த்தம். அதை மறைக்க எனாமல் பெயின்ட், அதற்கும் மேல் டைல்ஸ். கடைசியில் வீட்டுக்காரர் வருத்தத்தோடு சொல்வார், “பழைய வீடுங்க, வீக்காயிடுச்சு, இடிச்சுத்தான் கட்டணும்.” வீடு வயதாகிச் சாகவில்லை, வைத்தியத்தால் செத்தது.

சரியான வைத்தியம் ஒன்றும் ரகசியமில்லை. சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு வறண்ட பருவம் முழுக்கச் சுவரை ஆறவிட வேண்டும். சுண்ணாம்பை நீற்றிப் புளிக்கவைத்து, மணலோடு அரைத்துப் பூச வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சாந்தில் சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய கைமுறை. ஆனால் மலையில் இந்த வேலை தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். செட்டிநாட்டுப் பக்கமிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ ஆள் வரவழைத்தால் கூலி போகத் தங்கும் செலவும் சேரும். அந்தக் குளிரில் காலை ஆறு மணிக்குச் சுண்ணாம்புத் தொட்டியில் கைவிட அவர் சம்மதிப்பதே பெரிய விஷயம்.

சரி, ஒருவர் துணிந்து செய்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். சுவர் பொதுச்சுவர். இவர் சுண்ணாம்பு பூச, பக்கத்துக் கடைக்காரர் தன் பக்கம் கிரானைட் ஒட்டினால், அவருடைய ஈரமும் சேர்ந்து இவர் வீட்டுப் பக்கமாகத்தான் வெளியேறும். செலவு செய்தவருக்கே தண்டனை. ஒரு வீட்டை மட்டும் காப்பாற்றுவது என்பது இந்தத் தெருக்களில் கணக்குக்கே ஒத்துவராது.

வீட்டுக்கு வெளியே வந்தால் நிலைமை இன்னும் கடுமை. சரிவை வெட்டிப் படிப்படியாக்கி, ஒவ்வொரு படிக்கும் கல்லால் தடுப்புச்சுவர் எழுப்பித்தான் இந்தத் தெருக்களை அமைத்தார்கள். சாந்தில்லாமல் கல்லைக் கோத்து அடுக்கிய சுவரில் இடுக்கு வழியாகத் தண்ணீர் வடிந்துவிடும். சாந்து வைத்துக் கட்டியதில் வடிய ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அந்த ஓட்டைகளை ‘அசிங்கமாகத் தண்ணி ஒழுகுது’ என்று அடைப்பதும், கல் வாய்க்கால் மேல் ஸ்லாப் போட்டுக் கடையை ஒரு முழம் முன்னால் இழுப்பதும் சர்வசாதாரணம். அடைத்தவருக்கு உடனே ஒன்றும் ஆகாது. தண்ணீர் மண்ணுக்குள்ளேயே தேங்கிச் சுவரைத் தள்ள ஆரம்பிக்கும். விழும்போது கீழ்வரிசைக்காரர் தலையில் விழும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, ஊட்டிப் பகுதிகளில் நடந்த மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கெல்லாம் அடைத்த ஓட்டைதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. அந்த அளவு மழைக்கு எந்தச் சுவரும் தாங்காமல் போகலாம். ஆனால் பழைய வடிகால் வழிகளைத் தூர்த்துவிட்டு மழைமேல் மட்டும் பழி போடுவதும் நியாயமில்லை. பஜாரின் பாரம்பரியச் சின்னம் எது என்று என்னைக் கேட்டால் முகப்பு வளைவுகளுக்கு முன்பாக இந்தக் கல் வாய்க்கால்களைத்தான் காட்டுவேன். யாரும் அவற்றைப் படமெடுப்பதில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமம் 1990-ல் அமைந்தது. 1993-ல் மலை நகரங்களுக்கெனத் தனிக் கட்டட விதிகள் வந்தன. நீலகிரி மக்கள் ‘மாஸ்டர் பிளான்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லி அலுத்துக்கொள்வது இந்த ஏற்பாட்டைத்தான். கட்டடம் 7 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்பது அதன் முக்கியமான நிபந்தனை. அந்த விதி இல்லாவிட்டால் ஊட்டி இன்று என்னவாகியிருக்கும் என்று நினைத்தாலே பகீரென்கிறது. அந்த வகையில் அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் விதிக்குத் தெரிந்ததெல்லாம் தடுக்க மட்டும்தான். 7 மீட்டருக்குள் பழைய சுவரை இடித்துவிட்டுக் கண்ணாடி முகப்பு வைத்தால் உயர விதிப்படி குற்றமில்லை. இருக்கிற சுவரைச் சுண்ணாம்பில் பழுதுபார்க்கிறவருக்கு அதே விதியில் ஒரு சலுகையும் இல்லை. மாநிலப் பாரம்பரிய ஆணையத்துக்கான சட்டம் 2012-லேயே நிறைவேறியது. நடைமுறைக்கு வர 2024 ஆகிவிட்டது. அந்த ஆணையம் ஒருநாள் நீலகிரிக்குப் பட்டியல் போடும்போதும் கல் பங்களாவில்தான் தொடங்கும் என்பது என் ஊகம். தனித்தனிக் கட்டடங்களைப் பட்டியலிடுவது எளிது. ஒரு தெருவைப் பட்டியலிட வேண்டுமென்றால் அதில் இருக்கிற அத்தனை பேரோடும் உட்கார்ந்து பேச வேண்டும்.

அப்படிப் பேச உட்கார்ந்தால் முதலில் வரும் கேள்வி கட்டடக் கலை பற்றியதாக இருக்காது, வாடகை பற்றியதாக இருக்கும். ஊட்டி நகராட்சி மார்க்கெட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். பலர் தாத்தா காலத்திலிருந்து வாடகைதாரர்கள். வாடகை மறுநிர்ணயம் செய்யப்பட்டு, பல மடங்கு உயர்ந்து, நிலுவை குவிந்து, 2021 ஆகஸ்டில் நூற்றுக்கணக்கான கடைகளுக்குச் சீல் வைக்கும் அளவுக்குப் போனது. நகராட்சி தரப்பிலும் நியாயம் உண்டு. சந்தை நிலவரத்துக்குச் சம்பந்தமில்லாத வாடகையில் ஊரை நடத்த முடியாது. உள்வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நாளைக்குக் கடை தன்னுடையதா என்று தெரியாத ஒருவர் கூரைக்குச் செலவு செய்வாரா? ஒழுகுகிற இடத்தில் தார்ப்பாய் கட்டுவார், அவ்வளவுதான். பஜாரின் சீரழிவை அழகுணர்ச்சிக் குறைவு என்று பார்ப்பவர்கள் வாடகை ரசீதைப் பார்ப்பதில்லை.

இப்போது அந்த மார்க்கெட்டில் பழைய கடைகளை இடித்துவிட்டு, வாகன நிறுத்தத்தோடு புதிய வளாகம் கட்டும் வேலை கட்டம் கட்டமாக நடக்கிறது. இடிக்கவே கூடாது என்று கொடி பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நெருக்கியடித்த தகரக் கொட்டகைகளுக்கு நடுவே தீ பிடித்தால் வண்டி நுழைய முடியாது. கழிப்பறை லட்சணத்தைப் பெண் வியாபாரிகளிடம் கேட்டால் சொல்வார்கள். புதுப்பிக்கத்தான் வேண்டும். ஆனால் மார்க்கெட்டின் உயிர் அதன் வரிசைகளில் இருக்கிறது. காய்க்கு ஒரு வரிசை, மீனுக்கு ஒன்று, கம்பளிக்கு ஒன்று. ஹட்டிகளிலிருந்து மூட்டையோடு வருகிறவர் யாரிடம் இறக்குவது, யாரிடம் கடனுக்கு வாங்குவது என்ற பழக்கம். இடம் மாறும்போது இந்த அண்டை அயல் கலைந்துவிட்டால், எவ்வளவு அழகான முகப்பு வைத்தாலும் உள்ளே இருப்பது ஒரு ஷாப்பிங் காம்ப்ளக்ஸ்தான். வர்க்கி பேக்கரிகளைப் பாருங்கள். மைதா, சர்க்கரை, வாழைப்பழம் சேர்த்துப் புளிக்கவைத்த ‘மாவா’ என்ற கலவையைப் பிசைந்து, அடுக்கடுக்காக மடித்து, விறகு அடுப்பில் சுட்டெடுப்பதுதான் ஊட்டி வர்க்கி. அந்த அடுப்பு கனத்த செங்கல் கட்டுமானம். அதைத் தூக்கி இன்னொரு மாடியில் வைக்க முடியாது. அடுப்பு போனால் வர்க்கியும் மெல்ல ஃபேக்டரி பாக்கெட்டாகிவிடும்.

எங்கும் நம்பிக்கையே இல்லை என்பதல்ல. கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கு என்ற படுகர் ஊரை ஒட்டி, 1819-ல் சல்லிவன் கட்டிய பெத்தகல் பங்களா பாழடைந்து கிடந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகம் அதைச் சீரமைத்தது. நீலகிரி ஆவண மையம் அங்கே காட்சிக்கூடம் நடத்திவந்திருக்கிறது. உள்ளே இருப்பது துரையின் கதை மட்டுமல்ல, மலைக்குடிகளின் கதையும்தான். குன்னூரில் ‘கிளீன் குன்னூர்’ அமைப்பினர் மார்க்கெட் வழியாக ஓடும் ஆற்றில் இறங்கிக் குப்பையை அள்ளினார்கள். ஓட்டுப்பட்டறை என்ற இடத்தில் குப்பையைத் தரம் பிரித்துக் கையாளும் வேலையிலும் நகராட்சியோடு சேர்ந்தார்கள். பாரம்பரியப் பாதுகாப்பு என்ற பெயரில் நடந்த வேலை அல்ல அது. ஆனால் பழைய பஜாரின் முதல் எதிரி அடைபட்ட வாய்க்கால்தான் என்றால், அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேலை எது?

இந்த விஷயத்தில் தோடர்களிடம்தான் மற்றவர்கள் பாடம் கேட்க வேண்டும். ஊட்டி முத்தநாடு மந்தில் இருக்கும் கூம்பு வடிவக் கோவிலுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புது வேய்ச்சல் போடுவார்கள். மூங்கில், பிரம்பு, சதுப்பு நிலத்தில் வளரும் ஒருவகைப் புல் எல்லாம் சேர்த்து, பல மந்துகளின் ஆண்கள் ஒன்றுகூடி முடிப்பார்கள். கூரையில் ஒரு துரும்புகூடப் பழையதாக இல்லாமல் போகலாம், ஆனாலும் கோவில் அதே கோவில்தான். வேயத் தெரிந்த கைகள் இருக்கிற வரைக்கும் அது அழியாது. இன்னொன்றும் அங்கே தெளிவாகத் தெரிகிறது. சோலைப் புல்வெளிகளில் தைலமரமும் வாட்டில் மரமும் நட்டுச் சதுப்புகள் வற்றியதால் அந்தப் புல்லைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. கோவிலைக் காக்க வேண்டுமானால் சதுப்பைக் காக்க வேண்டும். அதேபோல் பஜாரைக் காக்க வேண்டுமானால் கொத்தனாரையும் சுண்ணாம்பையும் காக்க வேண்டும்.

“எங்க ஊர்ல நாலு பேரு ஒண்ணா சேரமாட்டாங்க சார்” என்பது அடிக்கடி கேட்கிற பதில். ஊட்டி சந்தைக்கடை மாரியம்மன் கோவில் தேர்த்திருவிழாவைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வரிசையாக ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சமூகத்தாரின் உபயம். யாருக்கு எந்த நாள், செலவை எப்படிப் பங்கிடுவது, ஊர்வலம் எந்தத் தெரு வழியாக என்பதையெல்லாம் அவர்களே பேசி முடிக்கிறார்கள். தேர் நகரும்போது உப்பு வீசும் கூட்டத்தில் எந்தத் தெருக்காரர் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. சண்டை வராமல் இல்லை. வந்தாலும் தேர் ஓடிவிடுகிறது. உபயக் கணக்கு எழுதத் தெரிந்த ஊருக்கு ஒரு தெருவின் பழுதுபார்ப்பு நிதிக் கணக்கு எழுதத் தெரியாதா என்ன?

மலைக்கு வெளியே இரண்டு ஊர்களின் அனுபவம் இங்கே உதவும். புதுச்சேரியில் 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பும் அரசும் சேர்ந்து வைசியாள் வீதி எனப்படும் கால்வே சுப்பராயச் செட்டியார் வீதியின் தமிழ் வீடுகளைச் சீரமைத்தன. திண்ணையும் தெருத் தாழ்வாரமும் வரிசை குலையாமல் திரும்ப வந்தன. செலவில் வீட்டுக்காரர்களும் பங்கு போட்டார்கள். பங்கு போட்டதால் வேலையை மேற்பார்த்தார்கள். 2008-ல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. ஒரே வீட்டை மட்டும் எடுக்காமல் தெருவையே எடுத்ததுதான் அங்கே நடந்த புத்திசாலித்தனம். அதே வீதியில் வீடு தங்கும் விடுதியான கதையும் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இரண்டாவது, மலேசியாவில் பினாங்கின் ஜார்ஜ் டவுன். குயின் தெரு மகாமாரியம்மன் கோவிலும் லிட்டில் இந்தியாவும் இருக்கும் அந்தப் பழைய நகரத்துக்கு 2008-ல் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே, 2000 ஜனவரி முதல் தேதியோடு அங்கே வாடகைக் கட்டுப்பாடு நீங்கியிருந்தது. பல தலைமுறை வாடகைதாரர்கள் காலி செய்தார்கள்; பின்னால் அந்த இடங்களுக்கு கஃபேக்களும் பொட்டிக் ஹோட்டல்களும் வந்தன. கட்டடங்கள் முன்பைவிட அழகாக இருக்கின்றன. அவற்றில் குடியிருந்தவர்கள் ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள்.

நீலகிரியில் இதற்கு உள்ளூர்ப் பெயர் ‘காட்டேஜ்’, அதாவது சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் வீடு. நாலு பேர் குடியிருந்த வீடு காட்டேஜாக மாறினால் சீசனில் வருகிற வருமானம் வருடம் முழுக்க வரும் வாடகையைத் தாண்டிவிடும். வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது. 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த இ-பாஸ் மலையேறும் வண்டிகளைக் கணக்கெடுக்கிறது. காட்டேஜ் ஆன வீடுகளை அது கணக்கெடுப்பதில்லை. பஜார்த் தெருக்களைச் சீரமைத்து வண்ணம் பூசிப் பெயர்ப்பலகைகளை ஒழுங்குபடுத்தினால், குடியிருப்போரைக் காக்கும் ஏற்பாடு முதலிலேயே இல்லாவிட்டால், அடுத்த ஐந்து வருடத்தில் அது காட்டேஜ் தெருவாகும். ஆகவே வரிசை முக்கியம். முதலில் வாடகை ஒப்பந்தம், நீண்ட காலத்துக்கு, பழுதுபார்ப்புச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளும் விதியோடு. அடுத்தது வாய்க்காலும் தடுப்புச்சுவரும். பிறகு கூரை, அதன்பின் சுவர். முகப்பும் வண்ணமும் எல்லாவற்றுக்கும் கடைசியில். நம் திட்டங்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, முகப்போடு பணம் தீர்ந்து நின்றுவிடுகின்றன.

நடைமுறையில் இடிக்கப்போகிற இன்னொரு விஷயம் காலண்டர். சுண்ணாம்பு வேலைக்கு மழையும் ஆகாது, உறைபனியும் ஆகாது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் புல்மேல் பனி வெள்ளையாக உறைகிறது. ஜூனில் மழை பிடித்துக்கொள்கிறது. மிஞ்சுவது பிப்ரவரி முதல் மே வரைதான். அரசு நிதியாண்டு ஏப்ரலில் பிறக்கும். மதிப்பீடு, டெண்டர், ஒப்புதல் முடிந்து பணி ஆணை கைக்கு வரும்போது தென்மேற்கு மழை கொட்டிக்கொண்டிருக்கும். மார்ச் 31-க்குள் முடிக்க வேண்டுமே என்று பனியில் அவசரமாகச் சிமென்ட் பூசிக் கணக்கை முடிப்பார்கள். போதாக்குறைக்கு அந்த நாலு மாதமும்தான் சீசனுக்காக ஹோட்டல்காரர்கள் கொத்தனார்களை மொத்தமாக இழுத்துக்கொள்ளும் காலம். தெருவின் கையில் சிறிய அளவிலாவது ஒரு சொந்த நிதி இருந்து, முந்தின மழைக்காலத்திலேயே சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் போட்டு, கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுத்து வைத்தால்தான் பிப்ரவரியில் வேலை தொடங்கும்.